முன்சக்கரம் இழுக்கவில்லையா? ஹப்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சக்லேஷ்பூரில் ஒரு காபித் தோட்டத்துச் செம்மண் ஏற்றம். ஜூலை மழை. என் பழைய டீசல் பிக்கப் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டேஷ்போர்டில் நான்கு சக்கர விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. பெங்களூர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். வலது ஹப், அதாவது வலது முன்சக்கரத்தின் நடுவில் உள்ள பூட்டு, போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார்கள். அடுத்த பயணத்திலும் வண்டி அதே போல் நின்றது.

பிறகுதான் அல்சூரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. வண்டிக்கு அடியில் பத்து நிமிடம் படுத்திருந்தார். வெளியே வந்து ஒரு சாண் நீள ரப்பர் குழாயை என் கையில் வைத்தார். அதில் எலியின் பல் தடம் இருந்தது. “ஹப் நல்லாத்தான் இருந்திருக்கும் தம்பி. பழையதை எங்கே போட்டீர்கள்?” என்று கேட்டார். பழையதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பெங்களூரில் நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ முதன்முதலாக வாங்கியிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹப்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த பொருளிலிருந்து தொடங்கி விலை கூடிய பொருளை நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படிப் பார்த்தும் ஹப்தான் குற்றவாளி என்று தெரிந்தால், கீழே உள்ளபடி நீங்களே மாற்றிவிடலாம்.

ஹப் செய்யும் வேலை

பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், சாதாரணச் சாலையில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. அப்போது முன்சக்கரங்களோடு சேர்ந்து முன் ஆக்சில் தண்டுகளும், இரண்டு பக்கத்துக்கும் சுற்றலைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலும், அதற்குச் சக்தி கொண்டுவரும் முன் புரொப்பல்லர் தண்டும் வீணாகச் சுற்றினால் டீசல் செலவு கூடும், அதிர்வு வரும், தேய்மானம் கூடும். அதனால் சக்கரத்தையும் ஆக்சில் தண்டையும் பிரித்து வைக்கவும், வேண்டியபோது சேர்த்துப் பூட்டவும் சக்கரத்தின் நடுவில் ஒரு பூட்டு இருக்கிறது. அதுதான் ஹப் பூட்டு. 1948-இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர், உலகப் போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலையில் நன்றாக ஓடவைப்பதற்காக இந்தப் பூட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அவை கையால் திருகும் வகை. மழையில் இறங்கிச் சேற்றில் குனிந்து திருகும் வேலையைத் தவிர்க்கத்தான் ஆட்டோ ஹப்புகள் வந்தன.

ஆட்டோ ஹப்பில் இரண்டு குடும்பங்கள் உண்டு. உங்கள் வண்டி எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

முதலாவது, இயந்திர வகை. இதற்குக் குழாயோ வயரோ கிடையாது. நீங்கள் 4 எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டதும் ஆக்சில் தண்டு சுற்றத் தொடங்குகிறது. உள்ளே சரிவான விளிம்புள்ள ஒரு துண்டு, அதாவது கேம், அந்தச் சுற்றலைப் பயன்படுத்திப் பல்சக்கரம் ஒன்றை வெளிப்பக்கம் தள்ளி ஹப் உடலோடு கோத்துவிடுகிறது. விடுவிப்பதற்கு 2 எச் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) போட்டு, ஓரிரு மீட்டர் நேராகப் பின்னால் வர வேண்டும். இந்தப் பின்னோட்டத்தைப் பலர் செய்வதே இல்லை. “ஹப் சிக்கிக்கொண்டது” என்று வரும் வண்டிகளில் சில, வெறுமனே பின்னால் எடுத்ததும் சரியாகிவிடும்.

இரண்டாவது, வேக்குவம் வகை. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய், மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு வழியாக, முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள் வரை போகிறது. உறிஞ்சும் விசையால் உள்ளே ஒரு டயாஃப்ரம் (சவ்வு) நகர்ந்து பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. இதிலும் ஓர் உட்பிரிவு இருக்கிறது, கவனியுங்கள். சில வண்டிகளில் வேக்குவம் வந்தால்தான் ஹப் பூட்டும். வேறு சிலவற்றில் ஸ்பிரிங் எப்போதும் பூட்டவே பார்க்கும். வேக்குவம் அதை இழுத்துப் பிடித்து விடுவித்து வைத்திருக்கும். குழாய் கிழிந்தால், வேக்குவத்தால் பூட்டும் வகை நான்கு சக்கரத்துக்குப் போகாது. ஸ்பிரிங்கால் பூட்டும் வகையோ, சாதாரணச் சாலையிலேயே பாதி பூட்டிக் கரகரவென்று சத்தம் போடும். குறை ஒன்றுதான், அறிகுறிகள் நேரெதிர். வண்டியோடு வந்த கையேட்டில் உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

நக்கிளின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் குழாயைத் தவிர ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வந்து சேர்ந்தால் அநேகமாக வேக்குவம் வகை. ஆன்டிலாக் பிரேக் உள்ள வண்டியில் அதன் சென்சார் வயரும் அங்கேதான் வரும். அதைக் குழாய் என்று நினைத்துவிடக் கூடாது.

விளக்கை நம்பாதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள்

டேஷ்போர்டு விளக்கு பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது சக்தியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியில், உள்ள ஒரு சுவிட்சிலிருந்து வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கம் சக்தி அனுப்புகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். சக்கரத்தின் நடுவில் பூட்டு விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. என் வண்டி சக்லேஷ்பூரில் விளக்கை எரியவிட்டபடியே நின்றது இதனால்தான்.

இரண்டு ஹப்பில் ஒன்று மட்டும் பூட்டவில்லை என்றாலும் முன்பக்கம் முழுவதும் செத்துப்போகும். பாதி இழுவையாவது கிடைக்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள், கிடைக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சுற்றலை விட்டுவிடும். பூட்டாத பக்கத்தின் தண்டு காற்றில் சுழலும், பூட்டிய சக்கரம் சும்மா நிற்கும்.

இனி சத்தங்கள். 4 எச் போட்டுச் சேற்றில் ஏறும்போது ஒரு சக்கரத்தின் நடுவிலிருந்து ‘கடகடகட’ என்று பல் தாவும் சத்தம் வந்தால், ஹப் பாதிதான் கோத்திருக்கிறது. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தாவலிலும் பல்லின் முனை மழுங்குகிறது. 2 எச்சில் ஓடும்போதே ஒரு பக்கம் லேசாக உரசும் சத்தம் வந்தால் ஹப் முழுமையாக விடுபடவில்லை.

ஹப்பின் மேல் தவறாக விழும் பழிகளும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டிக் டிக்’ என்று வந்தால் அது ஆக்சில் தண்டின் மூட்டு, அதாவது சி.வி. ஜாயிண்ட். வேகம் கூடக்கூட ஏறும் முனகல் வீல் பேரிங்குடையது. தார் ரோட்டில் வட்டமாகத் திரும்பும்போது வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் கனத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 எச்சிலிருந்து விடுபடவில்லை என்று பொருள். ஹப் மட்டும் பூட்டியபடி இருந்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2 எச்சில் இருந்தால் அந்தக் கனம் வராது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்திருந்தால், ஸ்டீயரிங் கனத்ததற்காக நல்ல ஹப்பைத் தூக்கி எறிய மாட்டீர்கள்.

வீட்டு வாசலில் செய்யும் சோதனை

சமதளமான தரை வேண்டும். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் சரிவில் இதைச் செய்ய வேண்டாம். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், கைப்பிரேக்கை இழுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, எடை ஸ்டாண்டில் இறங்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். செங்கல் அடுக்கி ஸ்டாண்டாக்கவும் கூடாது. செங்கல் முன்னறிவிப்பில்லாமல் உடையும். முன்சக்கரங்கள் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடுவது கூடவே கூடாது. தரையில் இருக்கும் பின்சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

முதலில் 2 எச்சில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். உள்ளே ரப்பர் பூட் மாட்டிய ஆக்சில் தண்டு தெரியும் வண்டிகளில் அந்தத் தண்டு அசையாமல் நிற்க வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் அந்த ஹப் விடுபடவில்லை. (ஸ்பிரிங்கால் பூட்டும் வேக்குவம் வகைக்கு இது பொருந்தாது, எஞ்சின் நின்றால் அது பூட்டிக்கொள்ளலாம். அதற்குக் கீழே வரும் கை பம்புச் சோதனைதான்.) தண்டு மூடியிருக்கும் பழைய ஜீப் வகைகளில் கையின் உணர்வுதான் வழி: விடுபட்ட சக்கரம் எளிதாகச் சுற்றும், பூட்டிய சக்கரம் டிஃபரன்ஷியல் பற்களின் முணுமுணுப்போடு கனமாகச் சுற்றும்.

முன் புரொப்பல்லர் தண்டு சுற்றவில்லை, அதனால் ஹப் நன்றாக இருக்கிறது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது பாதி உண்மை. ஒரே ஒரு ஹப் சிக்கியிருந்தால் சுற்றல் டிஃபரன்ஷியல் வழியாக எதிர்ப்பக்கத் தண்டுக்குப் போய் அதைத் தலைகீழாகச் சுழற்றும். புரொப்பல்லர் தண்டு அசையாமலே இருக்கலாம். இரண்டும் சிக்கியிருந்தால்தான் அது கட்டாயம் சுற்றும்.

அடுத்தது பூட்டும் சோதனை. இயந்திர வகைக்கு, வண்டியைக் கீழே இறக்கி, இளகிய மண் தரையில் 4 எச் போட்டு, நேராகப் பத்து மீட்டர் முன்னால் ஓட்டி, அப்படியே நிறுத்துங்கள். பின்னால் எடுக்காதீர்கள். தார் ரோட்டிலும் இதைச் செய்ய வேண்டாம். ஆனேக்கல், ஹொஸ்கோட்டை பக்கம் மண் சாலைக்குக் குறைவில்லை. ஒரு ஞாயிறு காலை போதும். அங்கேயே சமமான, கெட்டியான இடமாகப் பார்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 4 எச்சிலேயே விட்டு, மேலே சொன்ன அதே பாதுகாப்போடு முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலகை போட்டால் மண்ணில் புதையாது.

இப்போது இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் இரண்டு ஹப்பும் நலம். இடது மட்டும் தனியாகச் சுற்றினால் இடப்பக்கத் தண்டைப் பாருங்கள். அது நின்றிருந்தால் குறை இடது ஹப்பில். அது சுற்றி, வலது தண்டும் எதிர்த்திசையில் சுற்றி, வலது சக்கரம் மட்டும் நின்றிருந்தால் குறை வலது ஹப்பில். பட்டறையில் ‘எந்தப் பக்கம்’ என்று யூகித்துச் சொல்வதை விட இந்த ஐந்து நிமிடம் மேலானது.

வேக்குவம் வகைக்கு: குழாயிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நான் பணத்தை இழந்த இடம் இதுதான்.

டீசல் எஞ்சினில், பெட்ரோல் எஞ்சினைப் போல உள்ளிழுக்கும் குழாயில் போதிய வேக்குவம் இருப்பதில்லை. அதற்கென்று தனி வேக்குவம் பம்பு இருக்கிறது. நம் ஊர் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான். அதனால் 4 எச் போட்ட பிறகு பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கெட்டியாகிறது என்றால் ஹப் பக்கம் போகும் குழாயில் கசிவு இருக்கிறது என்று உடனே சந்தேகப்படுங்கள். அது வெறும் ஹப் பிரச்சினை அல்ல, பிரேக் பிரச்சினை. அன்றே சரிசெய்யுங்கள்.

கை வேக்குவம் பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் போன்ற முள் மீட்டரோடு வரும். இந்த வேலைக்கு வாங்கும் கருவிகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். நக்கிளில் வந்து சேரும் குழாயைக் கழற்றி, ஹப் பக்கத்து முனையில் பம்பை மாட்டி, மீட்டரில் 15 இன்ச் (பாதரச அளவு) வரை இழுங்கள். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் ஹப்பின் டயாஃப்ரமும் சீல்களும் நன்றாக இருக்கின்றன. சக்கரம் தூக்கியிருக்கும் நிலையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பம்பு அடித்தால், ‘டக்’ என்று பல் கோத்துத் தண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். ஸ்பிரிங் பூட்டும் வகையானால் இதற்கு நேர்மாறாக, பம்பு அடித்ததும் தண்டு நின்றுவிடும். இந்தச் சோதனையில் ஹப் தேறிவிட்டால் அதைத் தொடாதீர்கள். குறை மேலே எங்கோ இருக்கிறது.

முள் விழுந்துகொண்டே இருந்தால்கூட உடனே ஹப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். பல வண்டிகளில் வேக்குவம் நக்கிளுக்கும் வீல் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் ஹப்பை அடைகிறது; அந்த வழியை அடைத்துக் காப்பது ஓர் ஆயில் சீல். சமீபத்தில் யாராவது வீல் பேரிங் மாற்றியிருந்தால், அந்தச் சீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் உதடு மடிந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

அடுத்து மேல்நோக்கிப் போங்கள். எஞ்சின் ஓடும்போது சோலனாய்டு வால்வுக்கு வரும் குழாயில் மீட்டரை மாட்டுங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், சென்னையில் காட்டும் அளவைவிட இரண்டு மூன்று இன்ச் குறைவாகவே மீட்டர் காட்டும். கையேட்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பம்பு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சோலனாய்டுக்கு வருகிறது, அங்கிருந்து வெளியே போகவில்லை என்றால், 4 எச் போடும்போது அதில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வோல்ட் வந்தும் ‘டிக்’ என்ற சத்தம் இல்லையென்றால் வால்வு செத்துவிட்டது. சத்தம் வந்தும் காற்று போகவில்லை என்றால் அதன் சிறு வடிகட்டியில் செம்மண் தூசி அடைத்திருக்கும்.

சோலனாய்டிலிருந்து வெளியே போகிறது, நக்கிளுக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் உள்ள குழாய்தான். பாதியில் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கை பம்பு மாட்டி, துண்டு துண்டாகச் சோதியுங்கள். சைலன்சர் குழாய்க்கு அருகில் போகும் பகுதி வெந்து முறுகியிருக்கும். நக்கிளில் வளைந்து திரும்பும் இடத்தில் வெடிப்பு இருக்கும். அடித்தள வாகன நிறுத்தத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியானால் எலியையும் கணக்கில் சேருங்கள். புதிய குழாய் வாங்கும்போது வேக்குவத்துக்கென்றே வரும் தடித்த சுவர்க் குழாயாகக் கேளுங்கள். மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் உறிஞ்சும்போது உள்ளே சப்பிப்போய் வழியை அடைத்துவிடும்.

ஹப்தான் என்று உறுதியானால்

சேர்க்க வேண்டியவை: சர்க்கிளிப் (தண்டின் பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்) கழற்றும் பிளையர், டார்க் ரெஞ்ச், ரப்பர் சுத்தியல், பித்தளைக் கம்பி, பேரிங் நட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர், புதிய ஓரிங் அல்லது காஸ்கெட், புதிய சர்க்கிளிப், பிரேக் கிளீனர், பஞ்சு வேஸ்ட், ஒரு சுத்தமான தட்டு. மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசு ஒன்றும் வேண்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

1. 2 எச் போட்டு இரண்டு மீட்டர் பின்னால் வந்து நிறுத்துங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். பிறகு கட்டை, ஜாக்கி, ஸ்டாண்டு. சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. ஹப்பைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் அந்த மண் நேராகப் பேரிங்குக்குள் விழும்.

3. மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி எடுங்கள். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்குங்கள்.

4. ஆக்சில் தண்டின் நுனியில் சர்க்கிளிப் இருக்கும். பல வண்டிகளில் தண்டின் நுனியில் மரை வெட்டிய துளை உண்டு. அதில் ஒரு போல்ட்டைத் திருகித் தண்டை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் சர்க்கிளிப் எளிதில் வரும். அதன் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருந்தால் எத்தனை, எவ்வளவு தடிமன் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தொலைத்தால் தண்டு முன்பின்னாக ஆடும்.

5. ஹப் உடலை வெளியே எடுங்கள். சில வண்டிகளில் ஸ்டட்டுகளில் கூம்பு வாஷர்கள் இறுகியிருக்கும். உளியால் நெம்பாதீர்கள், ஸ்டட்டின் பக்கத்தில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினால் தானாகத் துள்ளி வரும்.

இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். கழற்றிய ஹப் தன் கதையைத் தானே சொல்லும். கிரீஸ் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மூடியின் ஓரிங்கையோ சீலையோ மாற்றாமல் புதிய ஹப்பை மாட்டினால் அதுவும் அடுத்த மழையில் போகும். கிரீஸில் பளபளக்கும் துகள்கள் இருந்தால் பல் தேய்கிறது. ஸ்பிண்டிலில், அதாவது பேரிங்கைத் தாங்கும் சுற்றாத அச்சில், உட்காரும் நிலையான கேமின் காது உடைந்திருக்கலாம். இயந்திர வகையில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். பழைய, கெட்டியான கிரீஸ் உள்ளே அப்பிக்கிடந்தால், அதை முழுதாகக் கழுவி, மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்து மாட்டிப் பாருங்கள். எந்தப் பாகமும் உடையாமலே செயலிழந்த ஹப்புகள் இப்படி உயிர் பெறுவதுண்டு. அன்பு மிகுதியால் உள்ளங்கை நிறையக் கிரீஸ் வைத்து அடைப்பது ஆட்டோ ஹப்புக்குச் செய்யும் பெரிய கெடுதல். சறுக்க வேண்டிய கேமும் ஸ்பிரிங்கும் அதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கிரீஸ் நிறைய வேண்டியது பேரிங்குக்கு.

6. ஹப் திறந்திருக்கும்போது பேரிங் நட்டைச் சரிபாருங்கள். பேரிங் தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும். அந்த ஆட்டம் ஹப்பின் உள்ளே கோணலான உரசலாக இறங்கி, புதிய ஹப்பையும் சில மாதங்களில் தின்றுவிடும். டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பேரிங்கை உட்காரவைத்து, தளர்த்தி, மறுபடி கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு ஸ்பிரிங் தராசின் கொக்கியை ஒரு வீல் ஸ்டட்டில் மாட்டி இழுங்கள். சுற்றத் தொடங்கும் தருணத்தில் தராசு காட்டும் எடை கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்க வேண்டும். பிரேக் பேடு உரசினால் அளவு பொய்யாகும், அதனால் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் தொங்கவிடாதீர்கள்.

7. புதிய ஹப்பை மாட்டும் முன், கையில் வைத்து உள்பல்லைத் திருப்பிப் பாருங்கள்; தடங்கல் இல்லாமல் நகர்ந்து திரும்ப வேண்டும். ஸ்பிண்டிலின் காடியும் கேமின் காதும் நேராக விழுகின்றனவா என்று விரலால் உணர்ந்து உட்காரவையுங்கள். உட்காரவில்லையென்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். ஏதோ ஒன்று நேராக இல்லை. சர்க்கிளிப் தன் பள்ளத்தில் முழுதாக விழுந்ததா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓரிங்கில் லேசாகக் கிரீஸ் தடவி மூடியை வையுங்கள்.

8. மூடியின் போல்ட்டுகள் சிறியவை. 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவு போதும். கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நீளக் கைப்பிடி ஸ்பேனரால் தோள் வலுவைக் காட்டினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

மாட்டி முடித்ததும், முன்பு செய்த அதே கைச் சோதனையை 2 எச்சிலும் 4 எச்சிலும் திரும்பச் செய்யுங்கள். இயந்திர வகையில் ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. இரண்டும் ஒரே வயது, ஒரே சேறு. வேக்குவம் வகையில் பழுதான பக்கம் மட்டும் போதும்.

எங்கே வாங்குவது, எதை வாங்குவது

ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் வேலை நடக்கும். ஆனால் வாயால் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய ஹப்பைக் கழுவித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். உள்ளே தண்டோடு கோக்கும் ஸ்பிலைன் பல் எத்தனை என்று எண்ணி, புதியதிலும் எண்ணுங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு பல் எண்ணிக்கை மாறலாம். சிவாஜிநகரில் பழைய பாகம் வாங்குவதானால் பல்லின் முனைகளை நகத்தால் தடவிப் பாருங்கள். கூர் மழுங்கி வழுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆட்டோவை எடுத்துவிட்டுக் கையால் திருகும் ஹப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது தோட்டச் சாலை, மடிக்கேரிப் பக்கத்து மாந்தல்பட்டி போன்ற ஏற்றம் என்று போகிறவர்களுக்கு என் பதில், போடலாம். பாகங்கள் குறைவு, பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சேற்றில் இறங்கும் முன்பே இரண்டு பக்கமும் பூட்டிவிடும் பழக்கம் மட்டும் வேண்டும். ஊருக்குள் ஓட்டிவிட்டு எப்போதாவது மழையில் வழுக்கும் பாதைக்குப் போகிறவருக்கு ஆட்டோவே வசதி. ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கைவகை என்று கலந்து மாட்டாதீர்கள். வேக்குவம் வண்டியில் கைவகை போட்டால், பயனற்றுப்போகும் குழாயைச் சோலனாய்டுக்கு முன்பே நல்ல மூடியால் அடைத்துவிடுங்கள். திறந்துவிட்டால் பிரேக் பூஸ்டரின் வேக்குவம் அந்த வழியே போய்விடும்.

புதிய ஹப்போடு முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் மூடியின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். மூடியின் விளிம்பிலிருந்து கிரீஸ் வெளியே தெறித்து, சக்கரத்தின் உள்வட்டத்தில் கோடு போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்; இருந்தால் ஓரிங் மடிந்திருக்கிறது, திறந்து மாற்றுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை, ஏதாவது மண் சாலையில் 4 எச் போட்டு ஓரிரு கிலோமீட்டர் ஓட்டி, பின்னால் எடுத்து விடுவியுங்கள். கழற்றிய பழைய ஹப்பைப் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் ஸ்பிரிங்கும் சர்க்கிளிப்பும் வாஷரும் ஒரு டப்பாவில் வண்டியிலேயே இருக்கட்டும்.